வளைந்த இசைத்தட்டை வெயிலில் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவின் எல்.பி. ரெக்கார்டுகள் பரணில் கிடந்து வளைந்துவிட்டன. ஓடும்போது முள் ஏறி ஏறி இறங்குகிறது. வெயிலில் வைத்து நிமிர்த்தலாமா?
– மதுரை வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா! மொட்டை மாடியில் கண்ணாடிக்கு அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன் நான். திரும்பி வந்து பார்த்தால் பொரித்த அப்பளம். 60 டிகிரியை நெருங்கும்போதே வினைல், அதாவது எல்.பி. தட்டின் பிளாஸ்டிக், இளக ஆரம்பித்துவிடும்.

முதலில் காதால் சோதியுங்கள். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஆடாமல், முள் தாவாமல் பாடுகிறதா? அப்படியே விட்டுவிடுங்கள், பார்க்கத்தான் அசிங்கம். தாவினால், முள்ளின் அழுத்தத்தைக் கால் கிராம் கூட்டிப் பாருங்கள், கார்ட்ரிட்ஜுக்கு (முள் பொருத்திய சிறு பாகம்) சொன்ன உச்ச அளவுக்குள். நடுப்பகுதி மேடாக இருந்தால், தட்டின் நடுவில் மாட்டும் கிளாம்ப் என்ற பிடி அமுக்கிப் பிடிக்கும். ஓரம் நெளிந்திருந்தால் அதனால் பயனில்லை. தட்டைத் தூசி போகத் துடைத்து, இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகக் கட்டை ஏற்றி, நிழலில் சில வாரம் விடுங்கள். லேசான வளைவு என்றால் குறையலாம்.

அப்பாவின் தட்டுகளுக்கு நடுவே, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் இருந்தால், அவற்றை இப்படி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அவை அரக்கு கலந்தவை, அழுத்தினால் உடைந்துவிடும்.

அப்புறம், மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். அலமாரியில் செங்குத்தாக நிற்கட்டும்.