வீட்டுக்காரருக்குத் தெரிந்த மணி

கேள்வி: நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருக்கிறார். எங்கள் நாய் மணிக்கு நான்கு வயது. குட்டியாக இருந்தபோது மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரரிடம் தனியாகச் சொல்லவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதமாக நானும் வேலைக்குப் போவதால் பகலில் மணி தனியாக இருக்கிறது. போன வாரம் அவர் வந்து, “ரெண்டு மாசம் டைம் தர்றேன். நாய் போகணும், இல்லேன்னா நீங்க காலி பண்ணணும்” என்று சொல்லிவிட்டார். மணி யாரையும் கடித்ததில்லை. நாங்கள் இருக்கும்போது குரைப்பதுகூட அபூர்வம். யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். குரல் வராமல் ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார் தோழி. பகலில் வாய்க்கூடு போட்டுவிட்டுப் போகலாமா? சட்டப்படி அவர் இப்படிச் சொல்ல முடியுமா? மகள் தினமும் படுக்கும்போது “மணி போயிடுமா?” என்று கேட்கிறாள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களை மறுபடி மறுபடி படித்தேன். ஆறு மாதமாக மணி பகலில் தனியாக இருக்கிறது என்பது ஒன்று. நாங்கள் இருக்கும்போது குரைப்பது அபூர்வம் என்பது இன்னொன்று. மூன்றரை வருடம் கண்டும் காணாமல் இருந்த மனிதர் இப்போது வந்து நிற்பதற்குக் காரணம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்து மணியை உங்களுக்குத் தெரியும். நீங்கள் படியிறங்கிப் போன பிறகு இருக்கும் மணியை அவருக்குத்தான் தெரியும்.

எனக்கும் இது நடந்தது. நாயோடு வாடகை வீட்டில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள், “நீங்க போனதும் உங்க நாய் அழுதுகிட்டே இருக்குப்பா” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் நாய் அப்படிச் செய்யாது என்று காட்டுவதற்காகவே, மறுநாள் பழைய போன் ஒன்றை அலமாரியில் ஒலிப்பதிவில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாலையில் கேட்டேன். பூட்டின் சத்தம். பிறகு தரையில் நகம் தட்டும் சத்தம், கதவுக்கும் ஜன்னலுக்குமாகப் போய்ப் போய் வருகிறது. கதவைப் பிறாண்டுவது கேட்கிறது. நான்கு நிமிடம் ஆவதற்குள் ஊளை. நடுவில் தண்ணீர்க் கிண்ணத்தை நக்கும் சத்தம் கொஞ்சம், பிறகு மறுபடியும் ஊளை. முழுவதையும் என்னால் கேட்க முடியவில்லை. அன்றிரவே அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால் சட்டத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வேலைக்குப் போகும் நாள் ஒன்றில் போனை வைத்துவிட்டுப் போங்கள். படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் போன அரை மணி நேரத்துக்குள்ளேயே ஊளை, கதவைப் பிறாண்டுவது, எச்சில் வடிவது, வீட்டுக்குள் சிறுநீர் போவது என்று நடந்தால், அது தனிமையைத் தாங்க முடியாத பயம். அமைதியாகப் படுத்திருந்து தெருவில் ஆள் நடக்கும்போது மட்டும் எழுந்து குரைத்தால் அது காவல் குரைப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

காவல் குரைப்பு சுலபம். மணி தெருவைப் பார்க்கும் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். படுக்கையை வாசல் கதவிலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். ரேடியோவை மெல்லிய ஒலியில் ஓடவிடுங்கள், படியில் கேட்கும் காலடிச் சத்தம் அதில் கரைந்துபோகும்.

தனிமைப் பயம் என்றால் பொறுமை வேண்டும். நீங்கள் சாவியை எடுத்தவுடனே மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். ஆகவே சாவியிலிருந்தே தொடங்க வேண்டும். சாவியை எடுங்கள், உட்கார்ந்துவிடுங்கள். செருப்பைப் போடுங்கள், கழற்றிவிடுங்கள். சாவி என்றால் பிரிவு என்ற கணக்கு அதன் மனசில் குழம்பட்டும். பிறகு கதவுக்கு வெளியே பத்து விநாடி நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். மணி பதறுவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும், முக்கியமே அதுதான். பத்து விநாடி அரை நிமிடமாகட்டும், அரை நிமிடம் இரண்டு நிமிடமாகட்டும். ஒருநாள் பதறினால் மறுநாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். பயிற்சி நடக்கும் நாட்களில் மணி மணிக்கணக்காகத் தனியாகக் கிடந்து ஊளையிட்டால் காலையில் கட்டியது மாலையில் இடிந்துவிடும். கணவரோ உறவினரோ தெரிந்த பெரியவர் ஒருவரோ பகலில் கூட இருக்க முடியுமா என்று பாருங்கள். காலையில் கிளம்பும் முன் நன்றாக நடத்திக் கூட்டிப்போங்கள். மூக்கால் மோந்து மோந்து நடக்கவிட்டால் இன்னும் களைக்கும். கால்நடை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள். உடம்பில் வலி இருந்தாலும் நாய் இப்படித் தவிக்கும். பயம் கடுமையாக இருந்தால் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்துகள் உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாய்க்கூடு விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். நாய்க்கு மனிதர்களைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயை இறுக்கிக் கட்டி ஆளில்லாத வீட்டில் விட்டுப் போனால் சூடேறி உயிருக்கே ஆபத்தாகலாம். குரல் நாண்களை வெட்டும் ஆபரேஷனும் அப்படித்தான். பயம் அப்படியே இருக்கும், அதைச் சொல்ல வாய் மட்டும் இருக்காது. சத்தம் முழுதாகப் போகும் என்பதற்கும் உறுதியில்லை, கரகரப்பாக மிஞ்சலாம். பல நாடுகள் இதைத் தடை செய்திருக்கின்றன. குரைத்தால் ஷாக் அடிக்கும் பட்டையும் பயந்த நாயை இன்னும் பயப்படுத்தும்.

சரி, வீட்டுக்காரரிடம் வருவோம். போனில் பேச வேண்டாம், நேரில் போங்கள். கணவரும் கூட வரட்டும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “குட்டியா இருந்தப்பவே உங்ககிட்ட கேட்டிருக்கணும் சார், கேட்கலை. தப்பு எங்க மேலதான்.” அதற்குப் பிறகு, “உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?” என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மணி எவ்வளவு நல்ல நாய் என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். மதியத் தூக்கம் கெடுகிறது என்பாரோ, மாடிப்படியில் சிறுநீர் வாடை என்பாரோ, வருகிற பேரக்குழந்தை பயப்படுகிறது என்பாரோ, நமக்குத் தெரியாது. “நாய் போகணும்” என்பதற்கு நம்மிடம் பதில் இல்லை. “மதியம் தூங்க முடியலை” என்பதற்கு இருக்கிறது.

வாடை என்றால் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், பலர் இதில் தவறுகிறார்கள். அமோனியா கலந்த திரவத்தால் அந்த இடத்தைத் துடைக்காதீர்கள். சிறுநீரிலும் அதே நெடிதான் இருப்பதால் நாய் அங்கேயே திரும்பப் போகும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கும். அது வாடையை மூடி மறைக்காமல், வாடை தரும் பொருளையே சிதைத்துவிடும்.

பேசிவிட்டு வெறும் கையோடு திரும்பாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மணியின் வயது, கருத்தடை ஆகியிருந்தால் அந்த விவரம், ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்ட தேதிகள், அட்டையின் நகல். படிக்கட்டில் எப்போதும் கயிற்றோடுதான் வரும், கழிவை நாங்களே உடனே அள்ளுவோம், சேதத்துக்கு நாங்களே பொறுப்பு, காலி செய்யும்போது வீட்டை முழுக்கச் சுத்தம் செய்து தருவோம் என்பது. முடிந்தால் கூடுதல் முன்பணம். அதோடு அந்த இரண்டு மாதத்தையே சோதனைக் காலமாகக் கேளுங்கள். வாரம் ஒருமுறை நீங்களே கீழே போய் “இந்த வாரம் எப்படி இருந்தது?” என்று விசாரியுங்கள். அவர் புகார் சொல்ல மாடியேறி வரும்படி வைக்காதீர்கள். ஒத்துக்கொண்டால் அதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள். நாளை வீடு அவர் பிள்ளைகள் கைக்குப் போனாலும் காட்டுவதற்கு ஒன்று இருக்க வேண்டும்.

இனி சட்டம். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். செல்லப்பிராணி கூடாது என்றிருக்கிறதா, அனுமதி பெற வேண்டும் என்றிருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பாருங்கள். உங்கள் நிலை எவ்வளவு பலம் என்பது அதைப் பொறுத்தது, நீங்கள் இருக்கும் ஊரின் சட்டத்தையும் பொறுத்தது. பிரான்சில் 1970ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் செல்லப்பிராணி வைப்பதைத் தடுக்கும் ஒப்பந்த வரி பொதுவாகச் செல்லாது என்கிறது. அங்கேயும் அந்தப் பிராணி கட்டிடத்தைச் சேதப்படுத்தக் கூடாது, மற்றவர்களின் நிம்மதியைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. ஜெர்மனியின் உயர்மட்ட நீதிமன்றம் 2013இல், அச்சடித்த பொது ஒப்பந்தத்தில் நாய் பூனை அறவே கூடாது என்று எழுதுவது செல்லாது, இரு தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும் என்றது. கனடாவின் ஒன்டாரியோவிலும் தடை வரி செல்லாது, ஆனால் தொந்தரவு நிரூபணமானால் வெளியேற்ற வழி உண்டு. இவற்றை எடுத்துப்போய் உங்கள் வீட்டுக்காரர் முன் வைக்கச் சொல்லவில்லை. நாய்க்காரருக்குச் சாதகமான இடங்களில்கூடச் சத்தமும் சேதமும் தனியாகத்தான் பார்க்கப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த ஒலிப்பதிவு சட்டத்திலும் முக்கியம். உங்கள் ஊர் விதிகளை அறிந்த வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோபத்திலும் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் முடியாது என்றால், என் கருத்தைக் கேட்டால், வேறு வீடு பாருங்கள். கஷ்டம்தான், செலவுதான். ஆனால் இரண்டு மாதம் இருக்கிறது, இன்றிலிருந்தே ஒரு பக்கம் தேடலாம். முதல் போனிலேயே நாய் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் வேண்டாம் என்பார்கள், ஒருவர் “சரி, கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்” என்பார்.

கணவர் சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. வேறு வழியே இல்லாத வீடுகள் உண்டு. அப்படி வந்தால், மணிக்கு ஏற்கெனவே பழக்கமான, பகலில் ஆள் இருக்கும் வீடாகத் தேடுங்கள். சில நாள் நீங்களும் அங்கே போய் அதோடு இருந்து பழக்குங்கள், மணி படுக்கும் துணியையும் கொடுத்தனுப்புங்கள். தெருவில் கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். வீட்டில் வளர்ந்த நாய்க்கு அங்கே இரை தேடத் தெரியாது, அந்த இடத்தை ஏற்கெனவே ஆளும் நாய்கள் விடவும் மாட்டா.

மகளிடம் “போகாது” என்று இன்றைக்கே வாக்குக் கொடுக்காதீர்கள். “மணி தனியா இருக்கப் பயப்படுது, அதுக்கு நாம கத்துக்கொடுக்கப் போறோம்” என்று சொல்லுங்கள். அவளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நடுவில் குழியுள்ள ரப்பர் பொம்மை கிடைக்கும். தினமும் இரவு அதில் தீனியை அழுத்தி அடைத்து உறையவைப்பது அவள் பொறுப்பு. காலையில் நீங்கள் கதவுக்கு வெளியே போய் நிற்கும்போது அதை மணிக்கு முன்னால் வைப்பதும் அவளே. பத்து விநாடியா, பதினைந்தா என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.