சீரங்கப்பட்டணம் யாருடைய ஊர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு சீரங்கப்பட்டணம் போயிருந்தோம். விடியற்காலையில் கிளம்பி ரங்கநாதர் கோயில், திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத், அவருடைய சமாதி கும்பஸ், அவர் விழுந்த இடம் எல்லாம் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிட்டோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். கோட்டை என்றார்கள், இடிந்த மதில்தான் இருந்தது. அரண்மனை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. கைடு சொன்னதில் பாதி சினிமாக் கதை. யாரோ எங்கேயோ அடித்துக்கொண்டார்கள், நமக்கென்ன என்று தோன்றிவிட்டது. இந்த மாதிரி ஊர்களை எப்படித்தான் பார்ப்பது? அடுத்து ஹம்பி என்கிறார் மனைவி. போகலாமா?

எஸ்.
கிருஷ்ணகிரி

அன்புள்ள எஸ்.,

கைடு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ஆனால் ‘நமக்கென்ன’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். திருநெல்வேலிக்காரர் சொன்னால் சரி, போகட்டும் என்று இருந்துவிடலாம். கிருஷ்ணகிரிக்காரர் சொல்லலாமா? 1792 வரை உங்களுக்குத் தலைநகரமே காவிரி நடுவில் இருக்கும் அந்தத் தீவுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் எல்லாம் அடங்கிய பாராமகால் அன்று மைசூர் அரசின் சீமை.

உங்கள் ஊர் சையத் பாஷா மலையில் ஏறியிருக்கிறீர்களா? தினமும் கண்ணில் படுகிற மலை என்பதால் பலர் ஏறுவதே இல்லை. 1791 நவம்பரில் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, அந்த மலையின் கீழ்க்கோட்டையையும் பேட்டையையும் பிடித்துவிட்டது. மேல்கோட்டைதான் மசியவில்லை. மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட்டார்கள். அந்தச் சரிவில் உருண்டு வரும் கல்லுக்கு முன்னால் துப்பாக்கி என்ன செய்யும்? பேட்டையைக் கொளுத்திவிட்டுப் படை திரும்பிப் போனது.

நாலே மாதம். போரில் திப்பு தோற்று, 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஆனது. திப்பு பாதி ராஜ்யத்தோடு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் கொடுக்க வேண்டும். அதுவரை அவருடைய இரண்டு பிள்ளைகள் பணயம். கும்பினியின் பங்கில் பாராமகால் போயிற்று. மலைமேல் நின்று கல் உருட்டியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் இருந்தது தர்மபுரியில். நிலத்தை அளந்து, நடுவில் ஜமீன்தார் இல்லாமல் உழுபவரிடமே நேராக வரி பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. 1820இல் மன்றோ சென்னை கவர்னரானதும் அது மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் போனது. வரி குறைந்து குடியானவர் கொழித்தார் என்று நினைத்துவிடாதீர்கள், வரி கடுமைதான். ஆனால் உங்கள் வீட்டுப் பீரோவில் நிலப் பட்டா இருந்தால், அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அந்த உடன்படிக்கையில்தான் போய் நிற்பீர்கள்.

இடிந்த மதிலைக் குறை சொல்லாதீர்கள். இடிக்கப்பட்டது என்பதுதான் அந்த ஊரின் கதை. 1799 மே 4இல் திப்பு இறந்தார். மைசூர் ராஜாக்களான உடையார்களின் தலைநகரம் மைசூருக்குப் போயிற்று. அரண்மனை கலைந்தது. அதன் தேக்கு மரங்களை ஊட்டிக்குக் கொண்டுபோய் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில் போட்டார்கள். ஊட்டிக்கு எத்தனையோ முறை போயிருப்பீர்கள், அண்ணாந்து பார்த்திருக்க மாட்டீர்கள்.

தரியா தௌலத்தில் மேற்குச் சுவர் முன்னால் எவ்வளவு நேரம் நின்றீர்கள்? கூட்டம் நகர்த்திக்கொண்டே போயிருக்கும். அங்கே இருப்பது 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் நடந்த பொள்ளிலூர் சண்டையின் ஓவியம். அதில் மைசூர்ப் படை கும்பினியைத் தோற்கடித்தது. மைசூர்க்காரர்களுக்கு முறுக்கு மீசை, வெள்ளைக்காரர்களுக்கு மழித்த முகம். நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. காயம்பட்ட கும்பினித் தளபதி கர்னல் பெய்லி பல்லக்குக்குள் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். வரைந்தவர் அந்த விரலை ரசித்து வரைந்திருக்கிறார். குழந்தைகளை விட்டு அதைத் தேடச் சொல்லியிருந்தால் கைடே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, கோயிலை ஒட்டி ஓடுகிற அந்தக் காவிரிதான் ஒகேனக்கல்லில் விழுந்து, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக உங்கள் ஊர்க் குழாய்க்கு வருகிறது.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் ஒரு நாள் காலையில், வெயிலுக்கு முன், சையத் பாஷா மலையில் ஏறி இறங்குவேன். அடுத்த வாரம் ராயக்கோட்டை மலைக்கோட்டை. 1799இல் திப்புவை வீழ்த்தப் போன கும்பினித் தளபதி ஜெனரல் ஹாரிஸின் படை அந்தப் பக்கமாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு சீரங்கப்பட்டணம். போன தடவை தலைகீழாகப் போய்விட்டீர்கள்.

ஹம்பிக்குத் தாராளமாகப் போங்கள். அங்கேயும் ‘நமக்கென்ன’ எடுபடாது. 1565 தோல்விக்குப் பிறகு ஹம்பியை விட்டு ஆந்திரத்துப் பெனுகொண்டாவுக்குப் போன விஜயநகர அரசர்களிடம் இருந்த ஜெகதேவராயர்தான் பாராமகாலை ஆண்டவர். ஜெகதேவி கிராமம் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? ஆனால் விடியலில் கிளம்பி இரவில் திரும்பும் வேலை ஹம்பியில் நடக்காது. பக்கத்து ஊரான ஹொசப்பேட்டையில் அறை எடுத்து இரண்டு இரவாவது தங்குங்கள். ஹசார ராமர் கோயில் சுவரில் இருக்கும் ராமாயணத்தைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். மே மாதம் மட்டும் வேண்டாம். அந்தப் பாறைகளுக்கு நடுவில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியாது. அரையாண்டு விடுமுறைக்கு இப்போதே டிக்கெட் போட்டுவிடுங்கள்.

அன்புடன்