விக்கிப்பீடியாவில எழுதேக்க மூலத்தைப் பாக்கச் சொல்றது ஏன்?

மூலம் எண்டா ஒரு தகவல் முதல்ல பதிவான இடம், கெசட், பழைய பேப்பர், புத்தகம் மாதிரி. ஒருத்தர் பிழையா எழுதினதை ஒரு சைட் கொப்பி பண்ணும், பிறகு அந்த சைட்டையே விக்கியில ஆதாரமாப் போடுவாங்க, பிழை அப்பிடியே நிலைச்சிடும், எனக்கு இதுதான் பெரிய கவலை.

ஐடென்டிட்டி கார்ட்டை கொப்பியில இருந்து கொப்பி அடிச்சுக்கொண்டே போனா 7 எது 1 எது எண்டு தெரியாமப் போகும்தானே, கொழும்பு மியூசியம் திறந்த 1877 உம் இப்பிடித்தான் 1871 ஆகிடும். பழைய ஆவணம் தேவையெண்டா தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7லயே இருக்கு, ஒருக்கா போய்ப் பாருங்க.

அடிக்குறிப்பு நம்பர் இருந்தாலே சரி எண்டு கனபேர் நினைக்கிறாங்க, ஆனா அந்தப் பக்கத்தில அந்த விஷயம் இருக்கோ எண்டு திறந்து வாசிச்சாத்தான் தெரியும்.