கடைசிக் கம்பத்துக்கு அப்பால்

கேள்வி: எங்கள் ஊர் எப்போதோ மின்வசதி பெற்றுவிட்டதாக அரசுக் கணக்கு சொல்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பதினோரு வீடுகளுக்கு இன்னும் இணைப்பு இல்லை. கடைசிக் கம்பம் ஓடைக்கு மறுகரையில் நிற்கிறது. செல்பேசிக்குச் சார்ஜ் ஏற்றக்கூடக் கீழே பெட்டிக்கடைக்கு இறங்கிப் போகிறோம். மின் அலுவலகத்தில் வனத்துறையைக் கேட்கச் சொல்கிறார்கள். அங்கே போனால் பட்டா எங்கே என்கிறார்கள். பணம் இல்லாததுதான் காரணமா?
– ஒரு வாசகர், சாப்டூர்

பதில்: பணம்தான் தடை என்றால் ஓடைவரை கம்பி வந்திருக்காது. முதல் சிக்கல் கணக்கிலேயே இருக்கிறது. 1997 வரை, வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்கோ ஒரு கிணற்று மோட்டார் ஓடினாலே அந்தக் கிராமம் மின்வசதி பெற்றதாக எழுதிக்கொண்டார்கள். 2004-இல் விதி மாறியபோதும், பொது இடங்களோடு நூற்றுக்குப் பத்து வீடுகளில் விளக்கெரிந்தால் போதும் என்றே வைத்தார்கள். 2018 ஏப்ரல் 28 அன்று மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டதும் இந்த அளவுகோலின்படிதான். கணக்கு முடிந்த ஊரில் விடுபட்ட பதினோரு வீடுகளைத் தேடிச் செல்வது எந்த அலுவலகத்துக்கும் இலக்காக இருப்பதில்லை.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. கென்யாவில் கூரைக்கு மேலேயே கம்பி ஓடியும், 35,000 ஷில்லிங் இணைப்புக் கட்டணத்தைக் கட்ட வழியின்றிப் பலர் இருட்டில் இருந்தார்கள். 2015-இல் அது 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. வங்கதேசமோ 1977-இலேயே கிராம மின்சாரத்துக்கெனத் தனி வாரியம் அமைத்து, விநியோகத்தைக் கூட்டுறவுச் சங்கங்களிடம் விட்டது. நகரத்து விற்பனையை நம்பி நடக்கும் நிறுவனத்துக்குக் கடைக்கோடி வீடு சுமையாகத்தான் தெரியும் என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள் போலும்.

இனி உங்கள் ஓடைக்கு வருவோம். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி வனநிலத்தை வேறு பயனுக்கு விட மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)-இல், மின்கம்பி உள்ளிட்ட அரசு வசதிகளுக்கு ஒரு விலக்கு தருகிறது: தேவைப்படும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமலும் இருந்து, கிராம சபையும் பரிந்துரைத்தால் போதும். அந்தப் பிரிவு கேட்பது சபையின் பரிந்துரையையே தவிர, தனியொருவரின் பட்டாவை அன்று. (உங்கள் இடம் சரணாலய எல்லைக்குள் என்றால், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத்தையும் தனியே பார்க்க வேண்டும்.)

பெரும்பாலான விண்ணப்பங்கள் முடங்குவது இதற்கு அடுத்த படியில்தான் என்று நினைக்கிறேன். வனச்சரகரிடம் முன்மொழிவைக் கொடுக்க வேண்டியது நீங்கள் அல்ல, பணியைச் செய்யப்போகும் மின் அலுவலகம். அதுவோ அனுமதி வந்தபின் எஸ்டிமேட் போடலாம் என்று காத்திருக்கும், வனத்துறை முன்மொழிவு வரட்டும் என்று காத்திருக்கும். ஆகவே வரும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நகலை உதவிப் பொறியாளரிடம் எழுத்துமூலம் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கம்பி செல்லும் வழியில் எத்தனை மரங்கள் நிற்கின்றன என்பதை நீங்களே எண்ணித் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். சரகர் எழுப்பக்கூடிய முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.