நான்காவது ஸ்வரத்தில் என்ன நடக்கிறது?

அன்புள்ள ஐயா,

46 வயதில் பியானோ தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேலை (ஸ்வர வரிசையை) ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரமாக, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்துச் சுத்தமாக வாசிக்கிறேன். 100-ஐத் தொட்டால் வலது கையில் நான்காவது ஸ்வரம் இடிக்கிறது, முன்கை கல் மாதிரி இறுகிவிடுகிறது. விரல்களுக்குப் பலம் போதவில்லையோ?

கே.

அன்புள்ள கே.,

பலத்தை விடுங்கள். பியானோவில் ஒரு கட்டை கீழிறங்கச் சுமார் 50 கிராம் எடை போதும், ஒரு எலுமிச்சம்பழம். பலம் தேடிப் போன கதை ஒன்று உண்டு. 1830-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் விரலுக்கு ஒரு கருவி மாட்டிப் பழகினார். வலது கை கெட்டது. கருவிதான் காரணமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் மேடைப் பியானோ கலைஞராகும் ஆசையை அவர் விட்டுவிட்டார்.

உங்கள் நான்காவது ஸ்வரம் என்பது கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் புகுந்து எஃப் ஸ்வரத்துக்கு வரும் இடம். 100-ல் ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது 0.15 விநாடி. நடுவிரல் வாசிக்கும்வரை கட்டைவிரல் சும்மா இருந்துவிட்டு அப்புறம் பாய்ந்தால் மணிக்கட்டு திருகும், முழங்கை வெளியே எகிறும். சுட்டுவிரல் இறங்கும்போதே கட்டைவிரல் நகரத் தொடங்கியிருக்க வேண்டும். ஆழமாகப் புகவும் வேண்டாம். முன்கை பக்கவாட்டில் நகர்ந்து கட்டைவிரலைச் சுமந்துபோய் விடட்டும்.

சி மேஜரில் இதைப் பழகுவதுதான் கொடுமை. எல்லாரையும் அதில் உட்கார வைப்பது தாளில் ஷார்ப், ஃப்ளாட் என்ற அரைஸ்வரக் குறிகள் இல்லை என்பதற்காக. கண்ணுக்கு எளிது, கைக்கு அல்ல. போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் தன் மாணவர்களுக்கு பி மேஜரைத்தான் முதலில் கொடுத்தார். அதில் ஐந்து கறுப்புக் கட்டைகளும் நீளமான விரல்களுக்குக் கீழே வந்துவிடும். கட்டைவிரலுக்கு பி, இ என்ற இரண்டு வெள்ளை மட்டும். கை உயர்ந்து நிற்பதால் கட்டைவிரல் கடந்துபோக அடியில் இடமும் இருக்கிறது.

செய்து பாருங்கள். கட்டைவிரலில் பி. அடுத்த இரண்டு கறுப்பையும் சேர்த்து ஒரே அமுக்கு. கட்டைவிரலில் இ. மூன்று கறுப்பையும் சேர்த்து இன்னொரு அமுக்கு. கை அடுத்த இடத்துக்குத் தாவுவதை மட்டும் கவனியுங்கள். இது தடுமாறாமல் வந்த பிறகு அமுக்குகளைத் தனித்தனி ஸ்வரமாகப் பிரியுங்கள். இடது கை மோதிர விரலில் தொடங்கும். மற்றபடி இதே கதைதான்.

மெட்ரோனோமை இரண்டிரண்டாக ஏற்றும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. நடையைக் கூட்டிக்கொண்டே போனால் ஓட்டம் ஆகிவிடாது, இரண்டும் வேறு அசைவு. ஐந்தே ஸ்வரத்தை, கட்டைவிரல் தாண்டும் இடத்தோடு சேர்த்து, நினைத்த வேகத்தில் வாசித்து நிறுத்துங்கள். கையைத் தொங்கவிட்டு இறுக்கம் போன பிறகு மறுபடி. வலியோ மரமரப்போ வந்தால் மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், ஸ்டூல் எவ்வளவு உயரம் என்று எழுதவில்லையே? முழங்கை கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் மேலே சொன்ன எல்லாமே சிரமம். கனடாவின் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் தாழ்ந்த நாற்காலியில் வாசித்தாரே என்று கேட்காதீர்கள், அவர் கதை வேறு. முதலில் ஒரு தலையணையைப் போட்டு உட்காருங்கள்.