அவர் டெக்ஸஸில், நான் திருநெல்வேலியில்: மனைவி விசா காகிதங்களை யார், எப்படிப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 2025 செப்டம்பர் 4 அன்று திருமணம் ஆனது. பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். கணவர் அமெரிக்கக் குடிமகன். மூன்று வாரம் எங்களோடு இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். கிளம்புவதற்கு முதல் நாள்தான் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. முன்பு இரண்டு ஆண்டு சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். அவர் இப்போதுதான் வேலை மாறியிருக்கிறார். 'எல்லாம் நீயே பார்த்துக்கொள்' என்கிறார். எங்கே தொடங்குவது? நடுவில் டூரிஸ்ட் விசாவில் போய் வரலாமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: 'எல்லாம் நீயே' என்பது நடக்காத காரியம். மனைவியை அழைத்துக்கொள்ள அமெரிக்க அரசிடம் போடும் ஐ-130 மனுவைப் போட வேண்டியவர் அவர். கையெழுத்து அவருடையது, இணையத்தில் போட்டால் கணக்கும் அவர் பெயரில். அதோடு சேரும் ஐ-130ஏ உங்களைப் பற்றியது. விவரங்களை நீங்கள் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பதால் அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மனு தேறியதும் கோப்பு தேசிய விசா மையத்துக்கு, அதாவது என்விசிக்குப் போகும். அங்கே கட்ட வேண்டிய விசா விண்ணப்பக் கட்டணம் 325 டாலரும், வருமானக் காகிதத்தைப் பார்க்கும் கட்டணம் 120 டாலரும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் போகும். ஆகவே பணமும் வருமானக் காகிதமும் அவர் பொறுப்பு. டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவம், போலீஸ் சான்று, பிறப்புச் சான்று, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் உங்கள் பொறுப்பு. கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் சரிசெய்ய வேண்டியது உங்கள் பெயர். தமிழ்நாட்டுக் கோப்புகள் அதிகம் இடறுவது இங்கேதான் என்பது என் அனுபவம். உங்கள் பெயரை இங்கே கயல்விழி என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அப்பா பெயர் முருகேசன். பள்ளிச் சான்றிதழில் எம். கயல்விழி, பாஸ்போர்ட்டில் வெறும் கயல்விழி, ஆதாரில் கயல்விழி முருகேசன். நமக்கு இது மூன்றும் ஒருத்திதான். அமெரிக்கப் படிவத்துக்கோ முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் இன்னொரு கட்டம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். விசாவில் விழுந்த அந்த மூன்றெழுத்து கிரீன் கார்டு, ஓட்டுநர் உரிமம் என்று கூடவே வரும். அங்கே போய் அதைக் கழற்றத் தனி அலைச்சல்.

அதனால் மனு போடும் முன்பே பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்து, பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பப் பெயராக அப்பா பெயரா, கணவர் பெயரா? அப்பா பெயரே நல்லது என்பேன். எம் என்ற இனிஷியல் உள்ள எல்லாச் சான்றிதழும் அதற்குத் துணை நிற்கும். கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி அமெரிக்காவில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. தவிர, அங்கே அவருடைய குடும்பப் பெயராக இருப்பது அநேகமாக அவருடைய அப்பா பெயர். அதை நீங்கள் எடுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்களை மாமனார் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்!

எழுத்துக் கூட்டலையும் பாருங்கள். கயல்விழியின் ழகரத்துக்கு ஒரு காகிதத்தில் இசட்-ஹெச், இன்னொன்றில் எல். திருமணச் சான்றிதழ் உட்பட எங்கெல்லாம் வேறுபாடு இருக்கிறதோ அவற்றைக் குறிப்பிட்டு, 'இவர்கள் அனைவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். படிவங்களில் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்ற கேள்வி வரும். இனிஷியலோடு உள்ளதையும் அங்கே எழுதுங்கள். ஐ-130லும் டிஎஸ்-260லும் பெயரைத் தாய்மொழி எழுத்தில் கேட்கும் இடம் உண்டு. அங்கே தமிழிலேயே எழுதலாம்.

இன்னொரு பொடி விஷயம். அமெரிக்காவில் மாதம் முதலில், தேதி பிறகு. உங்கள் கல்யாண நாளை நம் வழக்கப்படி 04/09 என்று வாட்ஸாப்பில் அனுப்பினீர்களானால் அவர் அதை அப்படியே படிவத்தில் இறக்கி, ஏப்ரல் 9 ஆக்கிவிடுவார். ஒரு கோப்பில் இப்படி நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து மாதம் முன்பே கல்யாணம் நடந்திருந்தது. மாதத்தை எழுத்தில் அனுப்புங்கள்.

அடுத்து, இது உண்மையான கல்யாணம் என்று காட்டுவது. மூன்று வாரம்தான் சேர்ந்து இருந்தோமே என்று பயப்படாதீர்கள். பார்த்துச் செய்யும் கல்யாணம் என்றால் என்னவென்று இந்தியாவில் நேர்காணல் செய்கிற அதிகாரிக்குத் தெரியும். யார் மூலம் வரன் வந்தது, எப்போது பெண் பார்த்தார்கள், நிச்சயம் எங்கே என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அழைப்பிதழ், மண்டப ரசீது, இரு வீட்டாரும் நிற்கும் பத்துப் பன்னிரண்டு படங்கள் போதும். ஆல்பம் முழுவதும் வேண்டாம். வாட்ஸாப் அரட்டையை நூறு பக்கம் அச்செடுப்பவர்கள் இருக்கிறார்கள்; யார் படிப்பது? மாதத்துக்கு ஒரு பக்கமாக அழைப்புப் பட்டியல் இருந்தால் தொடர்ச்சி தெரியும். அவர் காப்பீட்டில் உங்களை நாமினியாகச் சேர்த்த கடிதம், உங்களுக்கு அனுப்பும் பணத்தின் ரசீது, அவர் அடுத்த முறை வந்த போர்டிங் பாஸ் ஆகியவற்றுக்குத்தான் எடை அதிகம். தமிழில் உள்ள காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இது சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பும் வேண்டும்.

போலீஸ் சான்று இரண்டு தேவை. இந்தியாவுக்கானது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பிசிசி. அது பாஸ்போர்ட் எண்ணோடு வருவதால் பெயர் திருத்தி, புதுப் பாஸ்போர்ட் வந்த பிறகே விண்ணப்பியுங்கள். 16 வயதுக்குப் பிறகு வேறொரு நாட்டில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் கேட்பார்கள். ஆகவே சிங்கப்பூர் காவல்துறையின் கிளியரன்ஸ் சான்றிதழும் உங்களுக்கு வேண்டும். கைரேகை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும். கோப்பு என்விசிக்கு வந்ததும் முதலில் இதைக் கையில் எடுங்கள்.

வேலை மாறியது ஆபத்தில்லை. உங்களைப் பணத்துக்குத் தாங்குவேன் என்று அவர் தரும் ஐ-864 உறுதிப் பத்திரத்துக்கு, அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்டினால் போதும். 2025 கணக்கில் இருவர் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 26,400 டாலர். வரிக் கணக்கோடு புது நிறுவனத்தின் கடிதமும் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் சேர்க்கட்டும். குறைந்தால் அங்கே வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஸ்பான்சராக வரலாம். ஆனால் அந்தப் பொறுப்பு விவாகரத்தானாலும் தீராது; கையெழுத்துக் கேட்கும் நண்பரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

டூரிஸ்ட் விசா? விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று படிவமே கேட்கும். ஆம் என்று எழுதினால் திரும்பி வருவீர்கள் என்று நம்ப வைப்பது கடினம். இல்லை என்று எழுதினால் அது பொய். பிறகு மனைவி விசாவையே கெடுக்கும். அவரை இங்கே வரச் சொல்லுங்கள்.

நேர்காணல் சென்னைத் தூதரகத்தில் இருக்காது. பெரும்பாலும் மும்பை, கடிதத்தில் உள்ள ஊர்தான் கணக்கு. கணவர் வரவேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனையைத் தேதி கிடைத்த பிறகு, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் செய்ய வேண்டும், சென்னையிலும் உண்டு. ஏதாவது காகிதம் குறைந்தால் 221(ஜி) என்ற சீட்டுத் தருவார்கள். கேட்டதைக் கொடுத்தால் கோப்பு மறுபடி நகரும். என்விசியிலிருந்து அறிவிப்பு வந்தபின் ஓராண்டு முழுக்க எதுவும் செய்யாமல் கிடந்தால் மட்டும் கோப்பை மூடிவிடும் வாய்ப்பு உண்டு; நடுநடுவே என்விசி இணையக் கணக்குக்குள் போய்ப் பாருங்கள்.

கடைசியாக ஒரு தேதிக் கணக்கு. மனு தேறவே பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுகிறது. உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு ஆண்டு நிறைவது 2027 செப்டம்பர் 4. அதற்கு முன் அமெரிக்காவில் இறங்கினால் சிஆர்1 என்ற வகை, நிபந்தனையோடு கூடிய இரண்டு ஆண்டு கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைப் போட்டு, இதே கல்யாணத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். அந்தத் தேதி கடந்து இறங்கினால் ஐஆர்1 என்ற வகை, நிபந்தனையில்லாத பத்தாண்டுக் கார்டு. விசா 2027 ஆகஸ்டில் கைக்கு வந்து, அதன் காலாவதிக்கு இடம் இருந்தால் டிக்கெட்டை செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்குப் போடுங்கள். விசாவில் சிஆர்1 என்று அச்சாகியிருந்தாலும், விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழை நீட்டி, ஐஆர்1 ஆக மாற்றித் தரும்படி கேளுங்கள்.