வாஷிங்டன் இர்விங்கின் கதைகள் இன்றும் ஏன் வாசிக்கப்படுகின்றன?

வாஷிங்டன் இர்விங் (1783–1859) நியூயார்க்கில் பிறந்தவர். ஐரோப்பாவிலும் புகழ்பெற்ற தொடக்ககால அமெரிக்கச் சிறுகதையாளர். இங்கிலாந்தில் குடும்ப வணிகம் நொடித்த பிறகே எழுத்தைப் பிழைப்பாகக் கொண்டார்.

1819இல் வெளிவந்த அவர் கதையில் ரிப் வான் விங்கிள் மலையில் குடித்துவிட்டு 20 ஆண்டுகள் தூங்கிவிடுகிறான். எழுந்து வந்தால், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அமெரிக்கப் புரட்சி முடிந்து நாடே மாறியிருக்கிறது. சத்திரத்துப் பலகையில் பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜின் படம் இருந்த இடத்தில் புரட்சிப் படைத் தலைவர் ஜெனரல் ஜார்ஜ் வாஷிங்டன்! தன் ஊரிலேயே அந்நியனாகிப்போன அந்தத் தவிப்புக்கு வயதே ஆகவில்லை.

வெளியூர் நாற்றை நம் வயலில் நடுவதுபோல, ஜெர்மானியக் கதைக்கருவை அவர் ஹட்சன் ஆற்றுப் பகுதியில், டச்சுக் குடியேறிகளின் வாழ்க்கைக்குள் ஊன்றினார். அது அமெரிக்கக் கதையாகவே வேர்பிடித்தது.

'ஸ்லீப்பி ஹாலோ' கதையின் தலையில்லாக் குதிரைவீரன் பேய்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கதையிலோ, அது கதாநாயகனின் காதல் போட்டியாளன் பிராம் போன்ஸின் வேலை என்றே இர்விங் கோடிகாட்டுகிறார்.